ஒரே வீடு, வேறு வேறு சட்டநிலை: நெல்லைச் சீமையின் முகாம்களும் அகதிக் குடும்பங்களும்

களக்காட்டுக்கு மேற்கே மலை, கிழக்கே வாழையும் நெல்லும். வடக்கே தாமிரபரணிப் பாசனத்தில் கோபாலசமுத்திரம். தென்கிழக்கே ராதாபுரம் வட்டத்தில் சமூகரெங்கபுரம். இந்த இரண்டு ஊர்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. முகாமில் பிறந்தவர்கள் இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்து, கட்டட வேலைக்கும் பெயிண்டிங் வேலைக்கும் போய்வருகிறார்கள். பேச்சிலும் பாதி நெல்லை வாடை ஏறிவிட்டது. ஆனால் கியூ பிராஞ்ச் காவலர் கையில் இருக்கும் பதிவேட்டில் அவர்கள் இன்னும் அயல்நாட்டவர்.

இந்தியாவின் அகதிக் கொள்கை பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் சுழல்கின்றன: குடியுரிமை கொடுக்கலாமா, திருப்பி அனுப்பலாமா? இரண்டும் தனிமனிதரை நோக்கிக் கேட்கப்படும் கேள்விகள். இக்கட்டுரை குடும்பத்தை முன்வைத்துக் கேட்கிறது. நாற்பதாண்டுக் காலச் சட்டங்களும் ஆணைகளும் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை என்ன செய்திருக்கின்றன? ஒன்றுசேர்த்திருக்கின்றனவா, கூறுபோட்டிருக்கின்றனவா? கூறுபோட்டிருக்கின்றன என்பதே என் வாதம். இதைச் சீர்செய்யாமல் வீடு கட்டிக் கொடுப்பதும் உதவித்தொகையை உயர்த்துவதும் பாதி வேலையாகவே நிற்கும்.

போனவர்கள், வந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகள் கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இலங்கை அரசே கூலிகளுக்கான முகாம் ஒன்றை நடத்தியது. பின்னர் மண்டபம் முகாம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆளை ஏற்றி அனுப்பக் கட்டப்பட்ட அதே மண்டபம்தான், 1983க்குப் பிறகு, தப்பி வந்தவர்களை இறக்கிப் பதிவு செய்யும் இடமானது.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தப் பங்கீட்டில் அந்த மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது இன்னொன்று: பங்கீடு தலைகளை எண்ணி நடந்ததே தவிர உறவுகளை எண்ணி நடக்கவில்லை. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருப்பார், தம்பி இலங்கைக் குடியுரிமைக்கு. பெற்றோர் ஒரு பட்டியலில், மணமான மகள் வேறொரு பட்டியலில். மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட இரயிலை அந்த மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். ஏற வந்தவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒரே குடும்பமாக இருந்ததால் வந்த பெயர் அது.

1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தும் பல்லாயிரம் பேர் தீவிலேயே தங்கிவிட்டனர். 2003இல் இலங்கை கொண்டுவந்த இந்திய வம்சாவளியினர் குடியுரிமைச் சட்டம்தான் அவர்களுக்கு வழிவிட்டது. அதற்குள் அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பிரிந்த உடன்பிறப்புகள் முதுமை எய்தியிருந்தார்கள்.

இரண்டாவது ஓட்டம் போரால் நேர்ந்தது. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 பேர் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தனர். 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன்பின் அரசு ஒழுங்குசெய்த திருப்பியனுப்புதல் நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் வைத்த எண்ணிக்கை: 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர், முகாமுக்கு வெளியே, காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர்.

இந்த இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியாகப் பார்ப்பதே ஆய்வாளர்களின் வழக்கமாக இருந்தது. வி. சூரியநாராயண் போன்றோர்தான் இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார்கள். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவர் இராஜசுந்தரமும் எஸ்.ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் நிலமும் நிழலும் தேடிக் கொடுத்தது. 1983இல் அதுவும் சிதைந்தது. இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களில் பல மன்னார் வழியாகப் படகேறின. ஆக, இன்றைய முகாம்வாசிகளில் கணிசமானோர் இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். தாத்தா நெல்லையிலிருந்து போனார். பேரன் நெல்லை மாவட்ட முகாமில் அகதியாகப் பதியப்பட்டான். ஒப்பந்தத்தின்படி தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்த மக்களில் ஒரு பகுதியைத்தான் இந்தியா அயலாராக முகாமில் வைத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மூன்று நிலைப்பாடுகள்

முதல் நிலைப்பாடு ஒன்றிய அரசினுடையது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச்சட்டம் இல்லை. அடைக்கலம் தற்காலிகமானது, நிலைமை சீரானதும் திரும்ப வேண்டும் என்பது இதன் சாரம். இதன் பின்னால் 1991இன் நிழல் இருக்கிறது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு அகதி என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாயிற்று. படிப்பு வாய்ப்புகள் சுருங்கின, கண்காணிப்பு இறுகியது. பாதுகாப்புக் கவலையை நான் அற்பமென்று தள்ளவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிக்க ஒரு நாட்டுக்கு எத்தனையோ வழிகள் உண்டு. 1991இல் பிறக்காத பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையை அந்தக் கவலையோடு முடிச்சுப் போட எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, நாடு திரும்புதலே சரியென்னும் நிலைப்பாடு. இதை வெறும் அரசாங்கக் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலம் முகாம் மக்களைத் திரும்புவதற்கான தகுதியோடு வளர்க்கவே உழைத்தது: கல்வி, பிறப்புச் சான்று, இலங்கைக் குடியுரிமைப் பதிவு. வடக்கு–கிழக்கில் தமிழர் எண்ணிக்கை மேலும் சுருங்கக்கூடாது என்ற அரசியல் அக்கறையும் அதில் உண்டு. அந்த அக்கறை உண்மையானது. ஆயினும் ஒரு மக்கள்தொகைக் கணக்கைச் சரிக்கட்ட, முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணிடம் தான் பார்த்தேயிராத ஊருக்குப் போ என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

மூன்றாவது, அனைவருக்கும் குடியுரிமை என்பது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு வழி திறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. அந்தப் பாரபட்சத்தைச் சுட்டுவதில் தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. நானும் இந்தக் கோரிக்கையின் பக்கம்தான் நிற்கிறேன். எனினும் ‘அனைவருக்கும்’ என்ற சொல் சில குடும்பங்களின் உண்மை நிலையை மூடிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் காணியும் தாயும் காத்திருக்க, இங்கே பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று பொறுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே குடியுரிமை பெற்றால் அங்கிருப்பதை இழக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வேண்டியது முடிவெடுக்கக் கால அவகாசமும் வந்துபோகும் வழியும்.

மூன்று நிலைப்பாடுகளும் தங்களுக்குள் எவ்வளவு முரண்பட்டாலும், ஒன்றில் ஒத்துப்போகின்றன. அகதிகளை ஒரே கூட்டமாகக் கண்டு ஒரே தீர்வைச் சொல்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் குடும்பம் எவர் கண்ணிலும் தனியாகப் படவில்லை.

தேதிகள் பிரித்த உடன்பிறப்புகள்

சட்டப் பிரிவுகளை மட்டும் கொண்டு ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை அமைத்துப் பார்ப்போம். கணவனும் மனைவியும் 1984இல் மன்னாரிலிருந்து வருகிறார்கள். 1986இல் முகாமில் மூத்த மகள் பிறக்கிறாள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவரைப் பெற்றோர் யாரென்று பாராமல் குடிமக்களாகக் கொள்கிறது. எனவே மூத்தவள் பிறப்பால் இந்தியக் குடிமகள். 1988இல் மகன் பிறக்கிறான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இருவரும் இல்லை. ஆகவே தம்பி அயலான்.

இதோடு முடியவில்லை. மூத்தவள் 1990இல் வந்த முகாம் இளைஞர் ஒருவரை மணக்கிறாள். 2003இல் அவர்களுக்கு ஒரு குழந்தை. தாய் இந்தியக் குடிமகள் என்பதால் குழந்தையும் இந்தியர். 2006இல் இரண்டாவது குழந்தை. இதற்கிடையே, 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த 2003ஆம் ஆண்டுத் திருத்தம் விதியை இன்னும் இறுக்கிவிட்டது: ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக்கூடாது. படகில் உரிய ஆவணமின்றி வந்த தந்தை அந்த வரையறைக்குள் விழுகிறார். ஆகவே இரண்டாவது குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே அரசு மருத்துவமனை, மூன்றாண்டு இடைவெளி; ஒருவர் குடிமகன், மற்றவர் அயலார்.

முகாமைச் சேர்ந்த ஒருவர் உள்ளூர் இந்தியப் பெண்ணையோ ஆணையோ மணக்கும்போதும் இதே சுவர் எழுகிறது. மணவழிப் பதிவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஏழாண்டு வசிப்பு வேண்டும். ஆனால் அந்தப் பிரிவும் ‘சட்டவிரோதக் குடியேறி அல்லாத’ ஒருவருக்கே திறக்கும். நெல்லை மாவட்டத்தில் முகாமும் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில் கொடை, ஒரே வேலைத்தலம். திருமணங்கள் நடக்கத்தான் செய்யும். அந்தத் திருமணங்களில் 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள், களக்காட்டிலோ பத்தமடையிலோ வீடும் நிலமும் உள்ள தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளாக இருந்தும், குடியுரிமையற்றவர்களாக வளர்கிறார்கள். இந்த நிலையை நம்மில் பெரும்பாலோர் அறியவே மாட்டார்கள். அகதிப் பிரச்சினை முகாம் வேலியோடு நின்றுவிடுகிறது என்று நினைத்திருக்கிறோம்.

நீதிமன்றங்கள் இந்த முடிச்சை அங்கங்கே தளர்த்தியிருக்கின்றன. 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவும் ஒன்றிய அரசு அதை 16 வாரங்களுக்குள் பரிசீலிக்கவும் வழிசெய்தார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் அதே கிளை கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இந்தத் தீர்ப்பு புதிய உரிமை எதையும் உண்டாக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் அவருக்கு இருந்த உரிமையை எடுத்துக் கொடுத்தது, அவ்வளவே. அவரைப்போல் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களைத் தேடிச் சென்று சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. வழக்குத் தொடுத்தவர்க்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

மறுபுறம், 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர், தன் மனைவி மக்கள் இங்கேயே இருப்பதால் தன்னை வெளியேற்றக்கூடாது என்று கேட்டார். உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரமல்ல என்ற பொருளில் நீதிபதி கூறியது பரவலாகப் பேசப்பட்டது. அந்த வழக்கின் குற்றத்தன்மை தனி விவாதம். என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. மனைவியும் பிள்ளைகளும் எங்கே வாழ்கிறார்கள் என்பதை எடைபோட நீதிபதியின் கையில் சட்டவிதி எதுவுமில்லை. உயிர் வாழும் உரிமை அயலார்க்கும் உண்டு என்று 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குடும்பத்தோடு வாழ்வது அந்த உரிமைக்குள் அடங்குமா என்பதற்கு நம் சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

உலக நாடுகளிலும் நிலைமை சுமுகமாயில்லை. 1951 உடன்படிக்கையின் விதிகளில் குடும்ப ஒற்றுமை இடம்பெறவில்லை. அதை நிறைவேற்றிய மாநாட்டின் பரிந்துரையில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் ஜெர்மனி ஒரு பிரிவு அகதிகளுக்குக் குடும்ப இணைப்பை இரண்டாண்டு நிறுத்திவைத்தது; செப்டம்பரில் பிரிட்டன் அகதிக் குடும்ப இணைப்புக்கான புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. கனடாவில், அகதியாக ஏற்கப்பட்டவர் முன்பே தம் விண்ணப்பத்தில் குறிப்பிட்ட மனைவி மக்களை ஓராண்டுக்குள் வரவழைக்க வழி இருக்கிறது. டொரன்டோவின் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தகைய வழிகள்தாம் உதவின. ஆனால் அந்த நாடுகளின் விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது பொருந்தாது. அங்கே குடும்பம் எல்லைக்கு அப்பால் இருக்கிறது, அழைத்துவர வேண்டும், செலவாகும், வாக்காளர்கள் அஞ்சுகிறார்கள். இங்கே குடும்பம் ஏற்கெனவே ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. யாரையும் புதிதாக அழைத்துவர வேண்டியதில்லை. காகிதத்தில் பிரிந்திருப்பதைக் காகிதத்தில் சேர்த்தால் போதும். உலகிலேயே செலவு குறைந்த குடும்ப இணைப்பு இதுவாகத்தான் இருக்கும்.

இந்தியா எந்தக் கடமையையும் ஏற்கவில்லை என்பதும் சரியல்ல. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979இலும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992இலும் இந்தியா சேர்ந்தது. முன்னதன் 23ஆம் உறுப்பு குடும்பத்துக்கு அரசின் பாதுகாப்பைக் கோருகிறது. பின்னதன் 10ஆம் உறுப்பு, குடும்பம் சேர்வதற்கான விண்ணப்பங்களை மனிதநேயத்தோடும் விரைவாகவும் கவனிக்கச் சொல்கிறது. நீதிபதி பி.என். பகவதி தலைமையில் 1997இல் வரையப்பட்ட மாதிரி அகதிச் சட்டமும், சசி தரூர் 2015இலும் பின்னர் மீண்டும் 2022இலும் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் இருக்கின்றன. வரைவுகளுக்குப் பஞ்சமில்லை.

வீடும் குடியமர்வும்

மாநில அரசின் பணியை மதித்தே பேச வேண்டும். 2021 ஆகஸ்ட் 27 அன்று 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது; பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவது அதன் மையம். அதையொட்டி முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. பத்தடிக்குப் பத்தடி அறையில், தட்டி மறைப்புக்கு இப்பால் மாமனார் மாமியாரும் அப்பால் மகனும் மருமகளும் படுத்த நிலைமையை நேரில் கண்டவர்கள், தனிச் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வீட்டின் மதிப்பைக் குறைத்துப் பேச மாட்டார்கள். அதே அறிவிப்பில் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500ஆகவும், ஏனைய பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000ஆகவும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு 400இலிருந்து 500ஆகவும் உயர்ந்தது. இரண்டு சிறு பிள்ளைகளோடு வாழும் தம்பதிக்கு மாதம் 3,500 ரூபாய். களக்காட்டு வாழைத்தோப்புகளில் தார் சுமக்கும் ஒருவருக்குச் சில நாட்களில் கிடைத்துவிடக்கூடிய தொகை அது. பணக்கொடையால் யாரும் வாழவில்லை. அது குறையும்போதும் நிற்கும்போதும்தான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த உதவிகள் எல்லாமே முகாம் பதிவோடு கட்டுண்டவை. மக்கள் ‘செக்கிங்’ என்று சொல்லும் கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவுக்கே கேள்வி எழும். சமூகரெங்கபுரத்துப் பெண் வேறு மாவட்ட முகாமில் வாழ்க்கைப்பட்டால் அவள் பெயரை இங்கே நீக்கி அங்கே சேர்க்க மறுவாழ்வுத் துறையின் ஒப்புதல் வேண்டும். கோப்பு நகரும்வரை அவள் கணவன் வீட்டில் விருந்தாளி, தாய் வீட்டில் பெயர். ரேஷன் ஓரிடம், வாழ்க்கை ஓரிடம். வெளிப்பதிவில் இருப்பவர்களுக்குப் பணக்கொடை இல்லை. முகாமில் இருக்கும் முதிய தாயை வெளியே வாடகை வீட்டில் வாழும் மகன் அழைத்துச் சென்றால் தாயின் உதவியும் போய்விடும். ஆகவே தாய் முகாமில் தனியாக இருக்கிறாள். ஏழைக் குடும்பங்களை இப்படிப் பிரித்துவைப்பது எந்தச் சட்டமும் அல்ல, நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டிய விஷயமும் அல்ல. அலுவலக நடைமுறை, அவ்வளவுதான். மாநில அரசே நாளைக்கு மாற்றலாம்.

குடியமர்வு என்பது வீட்டுக்கு அப்பாலும் போகிறது. புதிய வீடு அரசுக்குச் சொந்தம். பட்டா கிடையாது, அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. பொறியியல் முடித்த பிள்ளைகளிடம் நிறுவனங்கள் கடவுச்சீட்டைக் கேட்கின்றன. சட்டம் படித்தாலும் வழக்கறிஞராகப் பதிய முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம் இந்தியக் குடிமக்களையே பதிவுக்குத் தகுதியானவராகக் கொள்கிறது. அதனால் பட்டப்படிப்பு முடித்தவர்களும் பெயிண்ட் வாளியோடு போகிறார்கள். அந்த வேலையில் இழிவில்லை. ஆனால் தமிழ்நாடு அரசு செலவழித்துக் கொடுத்த கல்வி அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த வீட்டின் அடுத்த பிள்ளை படிப்பை விடுவதற்கு அண்ணனின் நிலையே காரணமாகிறது.

தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்தியதில் கிடைத்த பாடம் இங்கே உதவும். 1964 ஒப்பந்தத்தின்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் அது டான்டீ நிறுவனமானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களிலும் பலர் வேலை பெற்றனர். தோட்ட வேலை தெரிந்தவர்களுக்குத் தோட்ட வேலை கிடைத்த இடங்களில் அவர்கள் ஓரளவு காலூன்றினர். ஆனால் மிகப் பலருக்குக் கிடைத்தது வணிகக் கடன். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர்கள் கையில் கடைவைக்கப் பணம் கொடுத்து முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்டார்கள். பணம் கரைந்தது, குடும்பங்கள் கூலி தேடி மலையேறின. அவர்களுக்குக் குடியுரிமை இருந்தது, குடியமர்வு இல்லை. இன்றைய முகாம்வாசிகளுக்கு ஓரளவு குடியமர்வு இருக்கிறது, குடியுரிமை இல்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே வந்துசேரும் என்று எதிர்பார்த்தால் என்ன நடக்கும் என்பதை நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் தேடிப் பார்த்தால் தெரியும்.

திபெத்திய அகதிகளின் நிலை இதற்கு ஓர் ஒப்பீடு. பைலக்குப்பே போன்ற குடியிருப்புகளில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2014இல் ஒன்றிய அரசு திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை என்று ஒன்றை எழுதி வெளியிட்டது. நிலக் குத்தகை, நலத்திட்டங்கள், தொழில் உரிமம் ஆகியவற்றை அது மாநிலங்களுக்கு எழுத்தில் தெரிவித்தது. அந்தக் கொள்கையில் குறைகள் உண்டு. ஆனால் எழுதப்பட்ட ஒரு கொள்கை இருந்தால் மாவட்ட அலுவலருக்கு எதைச் செய்யலாம் என்று தெரியும். இலங்கைத் தமிழர் விஷயத்தில் அப்படியொரு ஆவணம் இல்லை. சுற்றறிக்கைகளும் வாய்மொழி அறிவுரைகளும் பழக்கமுமே நடத்திக்கொண்டிருக்கின்றன.

திரும்பிப் போகிறவர்கள்

திரும்ப விரும்புவோர் நிலையும் எளிதில்லை. 1992இல், 1991க்குப் பிந்தைய நெருக்கடிச் சூழலில், திருப்பியனுப்புதல் உண்மையில் விரும்பித்தான் நடக்கிறதா என்ற ஐயம் எழுந்தபோது, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் சென்னையில் இருந்து விருப்பத்தைச் சரிபார்க்க இந்தியா இசைந்தது. இன்றும் அந்த அமைப்பின் துணையோடு சிலர் போகிறார்கள். ஆனால் 2025 மே மாதம் அவ்வாறு பலாலி வழி திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்று இலங்கையில் கைது செய்யப்பட்டார். குண்டுக்குப் பயந்து படகேறியவரிடம் குடியகல்வு முத்திரை எங்கே என்று கேட்பது, ஒரு முதியவருக்கு இழைத்த அநீதியோடு முடிவதில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட அத்தனை முகாம்களிலும் திரும்பும் எண்ணம் சற்றே பின்வாங்கியிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்களில் திரும்புதல் ஒரே நாளில் நடக்காது. முதலில் ஒருவர் போய்க் காணியின் நிலையைப் பார்க்க வேண்டும். கிணற்றையும் கூரையையும் சரிசெய்ய வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை இடையில் எடுக்க முடியாது. ஆனால் இன்றைய விதிப்படி வெளியேறும் அனுமதி பெற்றுப் போனவர் மீண்டும் வர வேண்டுமானால், இலங்கைக் கடவுச்சீட்டோடும் விசாவோடும் ஒரு சுற்றுலாப் பயணியாகத்தான் வர முடியும். முகாமிலுள்ள மனைவியின் வீட்டில் தங்குவதே கேள்விக்குள்ளாகும். போனால் பிரிவு, போகாவிட்டால் இழுபறி. திரும்பச் சொல்பவர்கள், இருந்து பார்த்துவர வழியே இல்லாத ஒரு திரும்புதலைத்தான் முன்வைக்கிறார்கள். பார்த்துவிட்டு வரும் பயணத்துக்கு ஓராண்டுக் கால அனுமதி ஒன்றை இரு அரசுகளும் ஒத்துக்கொண்டால், இத்தனை ஆண்டு அறிவுரைகள் சாதிக்காததை அது சாதிக்கும்.

எங்கே தொடங்குவது

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை அது நீக்கியது. அதோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. இது உண்மையான முன்னேற்றம். பல்லாண்டு தலைக்குமேல் தொங்கிய வழக்கு அச்சம் நீங்கியது. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமைச் சட்டத்தின் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து விலக்கு வேறு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், விலக்குப் பெற்ற மூன்று நாட்டினருக்கு அந்த இரண்டாவது வாசலையும் சேர்த்தே திறந்தது. இலங்கைத் தமிழருக்கு முதல் வாசல் மட்டும் திறந்திருக்கிறது.

இரண்டாவது வாசலுக்கு ஒற்றைவரித் திருத்தம் போதும்: இந்த ஆணையின்கீழ் விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார். அவ்வரியால் யாருக்கும் தானாகக் குடியுரிமை வந்துவிடாது. விண்ணப்பிக்கும் தகுதி மட்டும் வரும். கலப்பு மணத்தில் இணைந்தவர்கள் மணவழிப் பதிவுக்குப் போகலாம். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும், அத்திருத்தத்துக்குப் பின்நோக்கிய விளைவு கொடுத்தால், அவர்களின் அக்கா அண்ணன்மாரோடு சேர்க்கலாம். முன்னோடி காட்டினால் மற்ற அகதிகளும் கேட்பார்கள் என்ற தயக்கத்துக்கும் விடை அந்த ஆணையிலேயே இருக்கிறது: தேதி வரையறுத்த, ஏற்கெனவே பதிவான, பெயர் தெரிந்த மக்கள் இவர்கள். இலங்கைக்குத் திரும்ப விரும்புவோரை இத்திருத்தம் தடுக்கப்போவதுமில்லை.

மாநில அரசு தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லாத வேலைகளும் உண்டு. 1987 ஜூலைக்கு முன் முகாம்களில் பிறந்தோரை மருத்துவமனை, ஊராட்சிப் பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு கண்டறிந்து, கடவுச்சீட்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் விண்ணப்பிக்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு துணைநிற்கலாம். திருமணத்தாலும் முதுமையாலும் முகாம் மாறுவோர்க்குப் பதிவும் உதவியும் கூடவே போகும்படி விதியைத் திருத்தலாம். இந்த இரண்டையும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்கிப் பார்ப்பது எளிது. முகாம்கள் சில, பதிவேடுகள் கைக்கெட்டும் தூரம்.

2022 மார்ச் முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கிய நூற்றுக்கணக்கானோர் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் முன்பு இதே தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்து, போர் முடிந்ததும் நாடு திரும்பியவர்கள். உடன்பிறந்தவர்கள் இன்னும் முகாம்களில் இருப்பவர்கள். முந்தையவர்களைப்போல் அகதிப் பதிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2015 ஜனவரி 9 என்ற தேதியும் அவர்களை வெளியே நிறுத்துகிறது. அரசும் அமைப்புகளும் சொன்னதைக் கேட்டு நாடு திரும்பியவர்கள் அவர்கள். இங்கேயே இருந்துவிட்ட அண்ணனுக்கு விலக்கு ஆணை உண்டு. திரும்பிப் போய், பசியால் மீண்டும் வந்த தங்கைக்கு இல்லை. எழுதப்படப்போகும் எந்த அகதிக் கொள்கையும் இந்த அண்ணனையும் தங்கையையும் ஒரே குடும்பமாகப் பதிவதற்கான விதியை முதலில் எழுதட்டும்.